அறுவடை ஓவியங்களில் அம்பாரம் யாருக்கு?

செங்காவி எழுதியது:

பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ (1857) படத்தை எங்காவது ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள். முன்னால் மூன்று பெண்கள், இரண்டு பேர் தரை வரை குனிந்து, மூன்றாமவர் பாதி நிமிர்ந்து. ‘உழைப்பின் கண்ணியம்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த வரி எனக்கு அலுத்துவிட்டது.

படத்தைப் பெரிதாக்கி, அந்த மூவரையும் விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள். வெயில் முழுக்க அங்கேதான் கொட்டுகிறது. மலை மாதிரி கதிர்ப்போர்கள். கட்டுகளை ஏற்றிக்கொண்டு நிற்கும் வண்டி. எறும்புக் கூட்டம்போல அறுவடை ஆட்கள். வலது ஓரத்தில், கவனிக்காவிட்டால் தவறிவிடும் அளவுக்குச் சின்னதாகக் குதிரைமேல் ஒருவர். அவர் பண்ணையின் கங்காணி. இவ்வளவு விளைச்சலும் அவர் கணக்கில் போகிறது. முன்னால் இருக்கும் பெண்களுக்கு அறுத்து முடித்த தாளுக்கிடையே உதிர்ந்து கிடப்பது மட்டும். மூவரின் முதுகும் அடிவானக் கோட்டுக்குக் கீழேயே இருக்கிறது. அந்த வெளிச்சத்துக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் பாரிஸ் சலோன் கண்காட்சியில் பார்த்த விமர்சகர்களுக்கு இது நன்றாகவே புரிந்தது. அதனால்தான் எரிச்சல்பட்டார்கள். பால் த சேன்-விக்தோர் இவர்களை ‘வறுமையின் மூன்று விதி தேவதைகள்’ என்று நக்கலடித்தார். இன்னொருவர் இந்தப் பெண்களுக்குப் பின்னால் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து 1793-இன் ஈட்டிகளும் கொலைமேடைகளும் தெரிவதாக எழுதினார். மூன்று கிழிந்த முந்தானைக்காரிகளைப் பார்த்து இவ்வளவு பயம்! 1848 புரட்சி நடந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை என்பதை நினைத்தால் அந்தப் பயமும் புரியும்.

என் கட்சி இதுதான்: 19-ஆம் நூற்றாண்டு அறுவடைப் படம் எதை எடுத்தாலும், விளைந்தது யாரிடம் போகிறது என்பது படத்துக்குள்ளேயே எங்கோ இருக்கும். ஓவியர் நினைத்து வைத்தாரா, தானாக வந்து விழுந்ததா என்பது வேறு விஷயம். உங்களுக்குத் தெரிந்த படங்களை எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

---

நீர்வண்ணம் எழுதியது:

தம்பி, நல்ல படத்தைத் துண்டுப் பிரசுரமாக்கிவிட்டீர்கள். மில்லேயே தன்னை சோஷலிஸ்ட் என்று சொன்னவர்களிடம் மல்லுக்கு நின்றவர். நார்மண்டியில் குருஷி என்ற சிற்றூரில் 1814-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஏர் பிடித்து வளர்ந்தவர். 1849-இல் பார்பிசோன் கிராமத்துக்குக் குடிபோனபின் சாகும்வரை அங்கேதான். அவர் தலையில் இருந்தது அரசியலைவிட பைபிள்தான். 1853 சலோனில் அவருக்குப் பதக்கம் வாங்கிக்கொடுத்த ‘அறுவடையாட்கள் இளைப்பாறுதல்’ படத்தை எடுத்துப் பாருங்கள். அதை ரூத்தும் போவாசும் என்றுதான் வரையத் தொடங்கினார். வயலில் கதிர் பொறுக்க வந்த ஏழை ரூத்தை நிலக்காரர் போவாஸ் தன் ஆட்களுக்கு அறிமுகப்படுத்தும் காட்சி. பழைய ஏற்பாட்டிலிருந்து வரும் கதை அது. கங்காணிக் கணக்கு அதில் எங்கே வருகிறது?

இன்னொன்று. வண்ணம் தொடுபவளாகச் சொல்கிறேன், அந்த மூன்று உருவங்களின் அடுக்குதான் படம். நீலத் தலைத்துணி, சிவப்புத் தலைத்துணி, அப்புறம் பாதி நிமிர்ந்தவள். ஒரே அசைவை மூன்று கட்டமாகப் பிரித்து வைத்த மாதிரி. குதிரைக்காரர் வெறும் ஒரு தூரிகைத் தீற்றல்.

அழகான அறுவடைப் படம் வேண்டுமென்றால் ஜூல் பிரெத்தோனின் ‘கதிர் பொறுக்குவோரைத் திரும்ப அழைத்தல்’ (1859) பாருங்கள். அந்தி, பிறை நிலா, தலையிலும் தோளிலும் கதிர்க்கட்டோடு திரும்பும் பெண்கள். ராணிகள் நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

---

செங்காவி எழுதியது:

அக்கா, பிரெத்தோனை நீங்களே எடுத்துக்கொடுத்ததற்கு நன்றி. :)

அந்தப் படத்தின் இடது ஓரத்தில் ஓர் ஆள், இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூவிக்கொண்டு நிற்கிறார், பார்த்தீர்களா? அவர் ஊர்க்காவலர், அதாவது வயற்காட்டுக்கான அரசாங்கக் காவல்காரர். ‘போதும், எல்லாரும் வெளியே வாங்க’ என்று கூப்பிடுகிறார். ஏன் அந்த நேரத்தில்? பிரான்சில் சூரியன் உதித்த பின், மறைவதற்கு முன் மட்டுமே கதிர் பொறுக்கலாம் என்பது அப்போதைய சட்டம். விளைச்சலை முழுக்க வண்டியேற்றிய வயலில்தான் இறங்கலாம், வேலி போட்ட நிலத்தில் கால் வைக்கக் கூடாது. இந்த உரிமையே 1554-ஆம் வருஷத்து அரச ஆணையிலிருந்து வருகிறது. அதிலும் கிழவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் என்று வரையறை உண்டு. தெம்பு இருந்தால் கூலிக்கு அறுக்கப் போ என்று அர்த்தம்.

ஆக, நீங்கள் சொன்ன அந்திக் கவிதையில் நிலா ஒரு கடிகாரம். நேரம் முடிந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி.

ராணி என்றீர்களே, உண்மையிலேயே ராணிக்குப் பிடித்த படம் அது. பேரரசி யூஜெனி விரும்பியதால் அரசவை வாங்கிக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மில்லேயைக் கண்டு அலறிய அதே ஊர். விஷயம் ஒன்றுதான், ஏழைப் பெண்கள் உதிர்ந்ததைப் பொறுக்குகிறார்கள். ஆனால் பிரெத்தோனின் பெண்கள் நிமிர்ந்து, நிறைய கதிரோடு, காவல்காரர் சொன்னதும் அமைதியாகத் திரும்புகிறார்கள். மேல்தட்டுக்கு இதைவிட நிம்மதி வேறென்ன?

ஒன்றை மறுக்க மாட்டேன். படத்தில் வரும் கூர்ரியேர்தான் பிரெத்தோனின் சொந்த ஊர். அந்தப் பெண்களின் பாவாடை ஓரத்துக் கிழிசலையும் வெறுங்காலையும் அவர் மறைக்கவில்லை.

---

கடைமடை எழுதியது:

ஓவியம் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்க பக்கம் நெல்லுதான், கோதுமை இல்ல. ஆனா குனியறது எல்லாருக்கும் ஒண்ணுதான்.

மில்லே படத்துல இடது ஓரத்துல இருக்கிற அம்மாவப் பாருங்க. ஒரு கை தரையில, இன்னொரு கைய மடக்கி முதுகு மேல வெச்சிருக்கு. அந்தக் கையிலதான் பொறுக்கின கதிரு கொத்தா இருக்கு. இது சும்மா அழகுக்கு வெச்ச கை இல்ல. ரொம்ப நேரம் குனிஞ்சு வேலை பாத்தா இடுப்பு கழண்டுடும், அப்ப ஒரு கைய பின்னாடி அண்டக் குடுத்துக்குவாங்க. கதிரையும் கீழ வெக்க முடியாது, வெச்சா மறுபடி குனிஞ்சு எடுக்கணும். அப்புறம் முன்னால கட்டியிருக்கிற துணிய மடிச்சு முடிஞ்சு மடி மாதிரி பண்ணியிருக்காங்க. சின்னக் கதிரெல்லாம் அதுக்குள்ள போயிடும். வரைஞ்சவரு வயல்ல கிடந்தவருன்னு அந்த ஒரு கைய பாத்தே சொல்லிடலாம்.

நீர்வண்ணம் அக்கா சொன்ன படத்துல எல்லாரும் நிமிந்து நடக்கறாங்க. சாயங்காலம் வேலை முடிஞ்சா யாரும் அப்படி நடக்க மாட்டாங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்.

---

நீர்வண்ணம் எழுதியது:

கடைமடை ஐயா, அந்தக் கையைப் பற்றிச் சொன்னது அருமை. அந்த வளைவை நான் வரைந்து பார்த்திருக்கிறேன், காரணம் இதுவரை தோன்றியதில்லை.

---

மரப்பேழை எழுதியது:

பிரெஞ்சுக்காரர்களையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இங்கிலாந்துப் பக்கம் வாருங்கள், அங்கே கதை இன்னும் ருசியானது.

1788-இல் லண்டன் நீதிமன்றத்தில் ஸ்டீல் எதிர் ஹாட்டன் என்று ஒரு வழக்கு. சஃபோக் மாவட்டத்தில் டிம்வொர்த் என்ற ஊர். மேரி ஹாட்டன் என்ற பெண் அறுத்த வயலில் கதிர் பொறுக்கினார், நிலக்காரர் அத்துமீறல் என்று வழக்குப் போட்டார். நீதிபதிகள் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னார்கள்: பொதுச் சட்டப்படி கதிர் பொறுக்கும் உரிமை என்று யாருக்கும் எதுவும் கிடையாது. காலங்காலமாக உரிமை என்று நினைத்திருந்தது ஒரே நாளில் நிலக்காரர் மனமிரங்கிக் கொடுப்பதாக மாறிவிட்டது.

இப்போது ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் ‘கோதுமை வயல்’ படம். 1815 கோடையில் வரைந்து 1816-இல் ராயல் அகாடமியில் வைத்தது. இடம் ஈஸ்ட் பெர்க்ஹோல்ட், அவர் பிறந்த ஊர், அதே சஃபோக். நடுவில் ஆட்கள் வரிசையாக நின்று விளைந்த கோதுமையை அறுக்கிறார்கள். முன்னால் ஒரு பெண்ணும் சிறுமிகளும் கதிர் பொறுக்குகிறார்கள். ஒரு பையன் நாயோடு உட்கார்ந்து ஆட்களின் சாப்பாட்டுக்குக் காவல். கண்காட்சி ஒன்றின் பட்டியலில் படத்தோடு சேர்த்து ராபர்ட் புளூம்ஃபீல்டின் கவிதை வரிகளையும் அச்சிட வைத்தார். வானம் எல்லாருக்கும் பொதுவாகத் தந்ததை இங்கே எந்த வாரியும் வாரிக்கொண்டு போகாது, இல்லாதவர் பிள்ளைகளே, இது உங்களுக்குத்தான் என்ற பொருளில் வரும். நீதிமன்றம் அதே மாவட்டத்துப் பெண்ணுக்கு ‘உனக்கு இல்லை’ என்று சொல்லி கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆகியிருந்தது!

இத்தனைக்கும் கான்ஸ்டபிளின் அப்பா மாவு ஆலைகளும் நிலமும் வைத்திருந்தவர். படம் கண்காட்சியில் தொங்கிக்கொண்டிருந்த 1816 மே மாதத்திலேயே கிழக்கு இங்கிலாந்தில் வேலையும் கூலியும் ரொட்டியும் கேட்டுக் கலவரம் வெடித்தது. லிட்டில்போர்ட், ஈலி ஊர்களில் நடந்ததற்காக ஐந்து பேரைத் தூக்கில் போட்டார்கள். கான்ஸ்டபிள் வயலில் ஒரு காற்றுகூட வேகமாக அடிக்கவில்லை.

தீர்ப்பு என்னவோ தீர்ப்புதான், ஊர் வழக்கம் நிற்கவில்லை. நூற்றாண்டு முழுக்கப் பெண்கள் பொறுக்கினார்கள். பல ஊர்களில் தேவாலய மணி அடித்தபின்தான் இறங்கலாம். வயலில் கடைசியாக ஒரே ஒரு கதிர்க்கட்டை மட்டும் நிறுத்தி வைப்பார்கள். அது நிற்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. சில ஊர்களில் அந்தக் கட்டுக்குப் ‘போலீஸ்காரர்’ என்றே பெயர். பிரெஞ்சு வயலில் நிஜக் காவல்காரர், இங்கிலீஷ் வயலில் வைக்கோல் காவல்காரர்.

---

சுண்ணாம்பு எழுதியது:

போலீஸ்காரர் கட்டு 😂😂 இதுக்கே இந்த இழைக்கு வரலாம்.

ஒரு சந்தேகம் மரப்பேழை சார். கான்ஸ்டபிள் படத்துல ஆட்கள் ரொம்பச் சின்னதா இருக்காங்களே. வானம்தான் பெருசா இருக்கு. அப்போ அது நிலக்காட்சி, மில்லேயோடது மனுஷங்க படம்னு பிரிக்கலாமா?

---

மரப்பேழை எழுதியது:

பிரிக்கலாம். அந்தப் பிரிவே ஒரு சங்கதி. ஆங்கில நிலக்காட்சியில் கூலியாள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறாரோ அவ்வளவு சந்தோஷமாக இருப்பார். மில்லே செய்த குற்றம் அவர்களைக் கிட்டே கொண்டுவந்ததுதான்.

---

நீர்வண்ணம் எழுதியது:

சரி, எல்லாவற்றிலும் சொத்துக்கணக்கு இருக்கிறது என்கிறீர்கள். பிரெஞ்சு ஓவியர் மோனேவின் வைக்கோல்போர் படங்களுக்கு என்ன சொல்வீர்கள்? 1890–91-இல் ஜிவெர்னியில் வரைந்த வரிசை. ஆள் இல்லை, வண்டி இல்லை, அரிவாள் இல்லை. காலை, மாலை, பனி, வெயில். ஒளிதான் பொருள். 1891 மே மாதம் பாரிஸ் ஓவிய வணிகர் துராந்-ருவெலின் கூடத்தில் பதினைந்து படங்களைச் சேர்த்து மாட்டியபோது வந்தவர்கள் அசந்துபோனது அதற்காகத்தான்.

---

செங்காவி எழுதியது:

மோனே படத்தில் ஆள் இல்லை என்பது சரி. ஆனால் அந்தப் போர் வெறும் வைக்கோல் இல்லை அக்கா. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அடிக்காத கோதுமைக் கதிர், மணியோடு. மேலே கூரை மாதிரி கூம்பாக வேய்ந்திருப்பது மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க. கதிரடிக்கும் எந்திரம் ஊர் ஊராகப் போகும், நம் ஊர் முறை வரும்வரை போர் வயலிலேயே நிற்கும், மாதக்கணக்கில். அதனால்தான் மோனேவுக்குப் பனியிலும் போர் கிடைத்தது. அது அவர் நிலமும் இல்லை, பக்கத்து விவசாயியுடையது. ஒரு குடும்பத்தின் மொத்த வருஷ வருமானம் வெட்டவெளியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு பாருங்கள், அந்தச் சிவப்பும் ஊதாவும் வேறு மாதிரி தெரியும்.

ஒளிதான் பொருள் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ஒளி எதன்மேல் விழுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

---

மரப்பேழை எழுதியது:

கூலியைப் பற்றி நேரடியாகவே ஒரு படம் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. லெயோன் லெர்மீத்தின் ‘அறுவடையாட்களுக்குக் கூலி’, 1882. ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், அகலம் இரண்டே முக்கால் மீட்டர் அளவு. அரசர்களின் போர்க்காட்சிக்கு ஒதுக்கும் அளவில் சம்பள நாளை வரைந்திருக்கிறார். அரசாங்கமே வாங்கிக்கொண்டது.

இடம் ஒரு பண்ணையின் முற்றம், பாரிசுக்குக் கிழக்கே அவருடைய சொந்த ஊரான மோன்-சேன்-பேர் பக்கம். வயல் இல்லை, வானமும் அதிகமில்லை. முன்னால் கல் பெஞ்சில் ஓர் ஆள் நீள்பிடி அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறார். கண் எதையும் பார்க்கவில்லை. கை இரண்டும் தொங்கிப்போயிருக்கின்றன. பக்கத்தில் ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பின்னால் பண்ணைக் கணக்கர் ஒருவரிடம் காசை எண்ணிக் கொடுக்கிறார். ஒருவர் வாங்கின காசைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். சிரிப்பு யார் முகத்திலும் இல்லை. அறுவடை மாதம்தான் கூலியாளுக்கு வருஷத்திலேயே நல்ல சம்பளம் வரும் காலம், அந்தச் சம்பளம் கைக்கு வரும் நிமிஷமே இப்படி இருக்கிறது.

உட்கார்ந்திருப்பவர் கற்பனை ஆள் இல்லை. காசிமீர் தெஆன் என்ற அந்த ஊர்க் கூலியாள்தான், லெர்மீத்தின் வேறு படங்களிலும் வருவார். செங்காவியின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. விளைச்சலே படத்தில் இல்லை, அது ஏற்கெனவே உள்ளே போயாயிற்று. மிச்சம் இருப்பது காசு.

---

கடைமடை எழுதியது:

நீள்பிடி அரிவாள்னா நின்னுக்கிட்டே வீசி அறுக்கறதா? அப்போ ஆம்பளைங்க மட்டும்தான் அறுப்பாங்களா?

---

செங்காவி எழுதியது:

ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். கைஅரிவாளில் பெண்களும் சமமாக அறுத்தார்கள். நீள்பிடி அரிவாள் வந்தபின் வீசுவது ஆண் வேலை, பின்னால் வாரிக் கட்டுவது பெண் வேலை என்று ஆனது, கூலியும் அதற்கேற்ப. இன்னொரு இழப்பும் உண்டு. கைஅரிவாளில் அறுத்தால் தாள் உயரமாக நிற்கும், ஊர் ஏழைகள் அதைக் கூரை வேயவும் மாட்டுக்குப் படுக்கை போடவும் எடுத்துக்கொள்ளலாம். நீள்பிடி அரிவாள் தரையோடு வழித்துவிடும்.

அமெரிக்காவில் வின்ஸ்லோ ஹோமர் 1865-இல் வரைந்த ‘புது வயலில் பழைய சிப்பாய்’ இங்கே பொருந்தும். உள்நாட்டுப் போர் முடிந்து வந்தவர் முதுகைக் காட்டிக்கொண்டு கோதுமையை வீசி அறுக்கிறார். ராணுவச் சட்டையும் தண்ணீர்க் குடுவையும் வலது மூலையில் கிடக்கின்றன. ஹோமர் முதலில் அவர் கையில் கொடுத்தது அந்தக் காலத்தில் கோதுமைக்குப் பயன்பட்ட, விரல் விரலாக மரச்சட்டம் வைத்த அரிவாள். பிறகு அதை மறைத்து ஒற்றை அலகாக மாற்றினார். மேல்பூச்சு மெலிந்த இடத்தில் பழைய சட்டம் இன்றும் தெரிகிறது. அந்தத் தேதியில் குதிரை இழுக்கும் அறுவடை எந்திரமே வந்தாயிற்று. வேண்டுமென்றே பழைய கருவி, மேல்நாட்டுப் படங்களில் எமன் கையில் இருப்பது.

---

சுண்ணாம்பு எழுதியது:

இவ்ளோ நேரமா வான்கோ பேரை யாரும் எடுக்கலை. தமிழ் இணையத்துல இது சாதனை.

---

நீர்வண்ணம் எழுதியது:

நானே எடுக்கலாம் என்றிருந்தேன். எமன் என்றதும் அவர்தான். 1889-இல் சேன்-ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே மதில் சூழ்ந்த கோதுமை வயலில் ஒற்றை ஆள் அறுப்பதை வரைந்தார். அதில் சாவைப் பார்த்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். மனுஷர்தான் அந்தக் கதிர் என்றார். ஆனால் அந்தச் சாவில் சோகம் இல்லை, பட்டப்பகலில், பொன் வெயிலில் நடக்கிறது என்றும் சொன்னார்.

மில்லேயை அவர் தலையில் வைத்துக் கொண்டாடியவர். அதே காப்பகத்தில் மில்லேயின் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களை வைத்துக்கொண்டு, அதற்கு நிறம் கொடுத்து மறுபடி வரைந்தார். வைக்கோல்போர் நிழலில் கணவனும் மனைவியும் அசந்து தூங்கும் ‘மதியத் தூக்கம்’ அப்படி வந்ததுதான். கழற்றிப் போட்ட செருப்பும் இரண்டு அரிவாளும் பக்கத்தில் கிடக்கும். செங்காவி, இங்கே அம்பாரம் யாருக்கு என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரம் அந்த நிழல் அவர்களுக்கு, அதை விட்டுவிடுங்கள்.

---

செங்காவி எழுதியது:

விட்டேன் அக்கா.

---

மரப்பேழை எழுதியது:

ஓவியரே நிலக்காரராக இருந்தால்? ரஷ்யாவின் வெனெத்சியானவ். த்வேர் மாகாணத்தில் சின்னப் பண்ணை வாங்கி, பண்ணையடிமைகளோடு வாழ்ந்தவர். கதிரடிக்கும் களத்தின் உள்வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டுமென்று கொட்டகையின் ஒரு சுவரையே அறுத்து எடுத்தார். ‘அறுவடை: கோடை’யில் மேட்டுப் பலகையில் உட்கார்ந்த தாய், அரிவாளைப் பக்கத்தில் போட்டுவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். அவளும் குழந்தையும் வயலும் எல்லாமே யாரோ ஓர் எஜமானின் சொத்து. படம் அவ்வளவு அமைதி.

ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு, அடிமைகளுக்கும், இலவசமாக ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அப்படிக் கற்றவர்தான் கிரிகோரி சொரோகா. பக்கத்துப் பண்ணையின் அடிமை. அவரை விடுவிக்கும்படி வெனெத்சியானவ் கேட்டும் எஜமான் விடவில்லை. 1861-இல் பண்ணையடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபிறகுதான் விடுதலை, அதற்குள் ஆயுசில் பெரும்பகுதி போய்விட்டது.

---

கடைமடை எழுதியது:

கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. மில்லே படம் அப்ப எவ்வளவுக்குப் போச்சு? அவரு பிள்ளைகுட்டிகளுக்கு ஏதாவது கிடைச்சுதா?

---

செங்காவி எழுதியது:

‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ 3,000 பிராங்குக்குப் போனது, அதுவும் பேரம் பேசிக் குறைத்து. மில்லே 1875-இல் இறந்தார். 1889-இல் அதே படத்தை ஷாம்பேன் கம்பெனி நடத்திய மதாம் பொம்மெரி 3 லட்சம் பிராங்குக்கு வாங்கி நாட்டுக்கு எழுதிவைத்தார். அதே வருஷம் மில்லேயின் ‘ஆஞ்செலஸ்’ படம், உருளைக்கிழங்கு வயலில் இரண்டு பேர் தலைகுனிந்து பிரார்த்திப்பார்களே, அது ஏலத்தில் 5,53,000 பிராங்க் போனது. குடும்பத்துக்கு அதில் ஒரு காசும் சட்டப்படி வராது. விற்ற பொருள் விற்றதுதான்.

இந்தக் கதையை எடுத்துச் சொல்லித்தான் பிரான்சில் பல வருஷம் வாதாடினார்கள். 1920-இல் சட்டம் வந்தது: படம் மறுபடி ஏலம் போகும்போதெல்லாம் ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு. நம் ஊர்ப் பதிப்புரிமைச் சட்டத்திலும் இருக்கிறது, பிரிவு 53ஏ, 1994 திருத்தத்தில் சேர்ந்தது. மறுவிற்பனை விலை பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போனால் ஓவியருக்குப் பங்கு உண்டு, அதிகபட்சம் பத்து சதவீதம்.

---

நீர்வண்ணம் எழுதியது:

அந்தப் பிரிவு இருப்பதே இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ஓவியர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

---

கடைமடை எழுதியது:

பத்து சதவீதமா. வரைஞ்சவருக்காவது அது இருக்கு. அந்தக் கல்லு பெஞ்சுல உக்காந்திருந்த காசிமீருக்கு?